அவனாக நினைத்தால்தான் உண்டா?

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘குடிநோயிலிருந்து மீள்வதில் மனஉந்துதலின் பங்கு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் வீடுகளில் இதை யாரும் இப்படிச் சொல்வதில்லை. “அவனா நினைச்சாதான் உண்டு, நாம சொல்லி ஒண்ணும் ஆவாது” என்பதுதான் நாம் சொல்வது. குடிப்பவரின் அம்மா சொல்கிறார், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே மருத்துவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடிநோய் ஆலோசகராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அதோடு வழக்காடத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அதில் பாதி உண்மை. குடிப்பவர் இசையாமல் குடி நிற்காது; அவர் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க முடியாது. மற்ற பாதிதான் தவறு. அந்த நினைப்பு அவருக்குள் தானாக முளைத்து வெளியே வரும், அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொள்கிறோம். நாம் காத்திருக்கலாம், அவருடைய ஈரலும் கடன்காரரும் காத்திருப்பதில்லை.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஆய்வு நடத்தி 2019-இல் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி. குடிக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதி 37 பேருக்கும் விட வேண்டும் என்ற நினைப்பே வந்ததில்லை என்று என்னால் நம்ப முடியாது. ஒருநாளாவது வந்திருக்கும். வந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

நினைப்பு வந்தாலும் ஏன் நிற்பதில்லை என்பதற்கு உடம்பில் ஒரு காரணம் உண்டு. நெடுநாள் குடித்தவரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “ருசியே இல்ல சார், ஆனா போடாம இருக்க முடியல” என்பார். மூளையில் இன்பத்தை உணரும் வழி ஒன்று, வேண்டும் வேண்டும் என்று இழுக்கும் வழி வேறொன்று. குடி ஏற ஏற முதலாவது மங்குகிறது, இரண்டாவது முறுக்கேறுகிறது. அதனால்தான் காலையில் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் மாலையில் கடை வாசலில் நிற்கிறார். காலையில் செய்த சத்தியம் பொய்யில்லை. அதைச் செய்தபோது அவர் முழு மனதோடுதான் செய்தார். அந்த மனத்தை மாலை வரை கொண்டுபோக அவரிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் உலகம் நெடுநாள் ஒரு தவறான வழியில் போனது. குடிநோயாளி உண்மையை மறுப்பவர், எனவே அவரை உட்காரவைத்து நாலு பேர் சேர்ந்து உரித்தெடுத்தால்தான் வழிக்கு வருவார் என்று அமெரிக்க மையங்களே நம்பின. நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இதே முறைதான். அவர்களுடையதில் நாற்காலி போட்டிருந்தார்கள். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1982-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் இருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள், குடிப்பவரிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், எங்களுக்கு நடித்துக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அவர் பேசப்பேச நடுவில் நிறுத்தி, ஏன் இந்தக் கேள்வி, ஏன் அதைக் கேட்கவில்லை என்று துளைத்தார்கள். தான் என்ன செய்கிறோம் என்பதே மில்லருக்கு அப்போதுதான் துலங்கியது. அதை 1983-இல் கட்டுரையாக எழுதினார். ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்று இன்று மனநலப் பாடத்திட்டங்களில் இருக்கும் முறை அங்கே பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1993-இல், அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள்: ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு இடித்துரைத்தாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

முறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அறைக்குள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயது, சேத்துப்பட்டுப் பக்கம், கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், நெல் மூட்டை தூக்குபவர். மனைவியும் மச்சானும் அழைத்து வந்திருந்தார்கள். மனைவி பேசினார், மச்சான் பேசினார், அடகு வைத்த தோட்டிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் வந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடியை விடணும்ங்கிற நெனப்புக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டேன்.

மச்சான் முந்திக்கொண்டார். “சைபர் போடுங்க சார்.”

அவர் தலை நிமிராமல், “நாலு போட்டுக்கோங்க” என்றார்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் நாக்கில் வரும் கேள்வி, “ஏன் நாலுதானா? பத்து போட என்ன கேடு?” என்பது. கேட்டால் உடம்பு வலி, கூட்டாளிகள், கடன் என்று குடிப்பதற்கான காரணங்களையெல்லாம் அடுக்குவார். அடுக்கி முடிக்கும்போது அவை முன்பைவிட உறுதியாக நிற்கும். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். “ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “காலையில கட்டிங் போட்டாதான் சார் கொக்கி புடிக்கக் கை நிக்குது. போன மாசம் வியாபாரி எதிர்லயே மூட்டை நழுவிடுச்சு. ‘இந்த ஆள் வேணாம், வேற ஆளக் கூப்புடு’ன்னுட்டாரு. இருபது வருசமா தூக்கறேன். என்ன யாரும் அப்படிச் சொன்னதில்ல.”

தோடும் பள்ளிக்கூடமும் மற்றவர்கள் கொண்டுவந்த காரணங்கள். அவர் கேட்டுக் கேட்டுப் பழகியவை. கை நிற்காத மூட்டைக்காரன் என்ற பேச்சுதான் அவரைத் தைத்தது. அதை அவர் வாயாலேயே சொன்னபோது அது அவருடைய காரணம் ஆயிற்று. மச்சான் சைபர் என்று சொன்ன ஆளிடம் நாலு இருந்தது. அந்த நாலை யாரும் அதுவரை கேட்கவில்லை. பிறகு நாங்கள் பேசியதெல்லாம் கொக்கி பிடிக்கும் கையைப் பற்றித்தான். முதலில் அரசு மருத்துவமனையில் சேர்ந்து நடுக்கத்துக்கு மருந்து எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மார்கழி, தை, மாசி என்று மாதம் மாதமாக நின்றார். ஆடியில் கூழ் வார்த்த அன்று சறுக்கினார். அடுத்த வாரம் அவராகவே வந்தார்.

இதற்கு நார்வேயும் அமெரிக்காவும் எதற்கு, நம்மிடம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களையும் சேர்த்துப் படியுங்கள். போதையில் இருப்பவனுக்குக் காரணம் சொல்லித் தெளிவிப்பது, நீரில் மூழ்கியவனை விளக்கெடுத்துப் போய்த் தேடுவதுபோல் என்கிறார் வள்ளுவர் ஒன்றில். அடுத்ததில், தான் குடிக்காத பொழுதில் குடித்தவனைப் பார்க்கும்போதாவது அவன் தன் நிலையை எண்ண மாட்டானா என்று கேட்கிறார். முதலாவதை மேடையில் முழங்குகிறோம்; இரண்டாவதை விட்டுவிடுகிறோம். என் தொழிலுக்கு வேண்டியது முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று கத்தாதே; மறுநாள் காலை தெளிந்திருக்கும்போது அவனையே பார்க்க விடு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இரவு முழுக்கச் சண்டை, காலையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத மௌனம். பேச வேண்டிய நேரம்தான் மௌனத்தில் போகிறது.

இனி இந்த ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு வருகிறேன். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். ஆண்டு முழுவதும் கடையே கதி என்று கிடந்தவர், ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடுவதில்லை. கடை மூடவில்லை, வழியில்தான் இருக்கிறது. எப்படி முடிகிறது? பக்தி என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. மாலை போட்ட அன்று என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். நேற்று வரை “டேய்” என்று கூப்பிட்ட தெரு, இன்று “சாமி” என்கிறது. உடை மாறுகிறது, அந்த உடையோடு கடைக்குப் போனால் ஊரே பார்க்கும். விடிவதற்கு முன் குளியல், மாலையில் மறுபடி குளியல், பூஜை. முன்பு கடையில் கழிந்த அந்த மாலை நேரம் பஜனையில் கழிகிறது. கூட்டாளிகள் மாறுகிறார்கள். நடுவில் மனம் தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். அவர் பெரும்பாலும் தானே பல ஆண்டு மலைக்குப் போனவர். வீட்டில் தனிப் பாத்திரம், தனிப் பாய், சுடச்சுடச் சோறு, மனைவியின் மரியாதை. கையில் ஒரு நாள் கணக்கும் இருக்கிறது. இத்தனையும் சேர்ந்துதான் அந்த மனஉறுதியைத் தாங்குகின்றன.

மாலை கழற்றும் அன்று இவை அனைத்தும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. ‘சாமி’ மறுபடி ‘டேய்’ ஆகிறார். பஜனை இல்லை, குருசாமி இல்லை, மாலை நேரம் காலியாகக் கிடக்கிறது. அன்று இரவே குடிப்பவர்களைப் பார்த்து, “பாத்தியா, வேஷம்” என்கிறோம். நான் அதை வேஷமாகப் பார்ப்பதில்லை. அவரால் முடியும் என்பதற்கு அந்த ஒரு மண்டலத்தைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

சான்று எவ்வளவு மதிப்புள்ளது என்று காட்ட ஒரு எதிர்க்கதையும் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுக்கடை மறுபடி திறந்தது மே 7 அன்று. ஏறக்குறைய ஒரு மண்டலம் தமிழ்நாடே குடிக்காமல் இருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சில இடங்களில் வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்து இறந்தார்கள். மற்றவர்கள் உடம்பளவில் தெளிந்தார்கள். வீடுகள் கொஞ்சம் மூச்சு விட்டன. கடை திறந்த அந்த ஒரு நாளில், சென்னைக் கடைகள் மூடியிருந்தபோதும், விற்பனை 170 கோடி ரூபாயைத் தாண்டியது. மாலை போட்டவருக்கும் ஊரடங்கில் இருந்தவருக்கும் உடம்பில் நடந்தது ஒன்றுதான். ஒருவர் இருந்தது ஒரு நோன்பில். மற்றவர் இருந்தது கடை திறப்பதற்கான காத்திருப்பில்.

அதற்காகக் கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதெல்லாம் பொருட்டில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003-இலிருந்து சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் வருகிறது. பேருந்து நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை இருக்கும் மனிதரிடம் மனஉறுதியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. கடையை மூடினால் மட்டும் போதும் என்பதும் சரியில்லை. நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

இந்த ஊரில் நின்று இந்தப் பொருளைப் பேசிவிட்டு அருணகிரிநாதரைச் சொல்லாமல் இறங்கினால் என்னை ராஜகோபுரம் தாண்ட விடமாட்டீர்கள். கதை உங்களுக்குத் தெரியும், 1964-இல் டி.எம். சௌந்தரராஜன் நடித்த படத்திலும் பார்த்திருப்பீர்கள். அவரைப் பிடித்திருந்தது குடி இல்லை, காமம். பழக்கத்தின் பிடி ஒன்றுதான். சொத்து போயிற்று, உடம்பு அழுகிற்று, அக்காள் மட்டும் கூட இருந்தாள். ஒருநாள் அக்காள் மனம் நொந்து சொன்ன ஒரு வார்த்தை சுட்டது. வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் கையில் ஏந்தினான்.

இந்தக் கதையைச் சொற்பொழிவாளர்கள், சுடுசொல் ஒன்று போதும், மனிதன் திருந்திவிடுவான் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். சுடுசொல் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது கோபுரத்தின் உச்சியில். வெட்கம் அங்கேதான் கொண்டுபோகும். குடிநோயாளிகளிடையே தற்கொலை அதிகம் என்பது மனநல மருத்துவர் எவரும் அறிந்தது. அதனால்தான் ‘அடிமட்டம் வரைக்கும் போகட்டும், அப்பத்தான் புத்தி வரும்’ என்ற அறிவுரையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அடிமட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கை காத்திருப்பதில்லை. கதையில் அவரைக் காப்பாற்றியவை இரண்டு. விழுந்தவரைத் தாங்கிய கை ஒன்று. உடனே கொடுத்த வேலை மற்றொன்று: பாடு என்று அனுப்பியது. அந்த வேலையை அவர் ஒருநாள் செய்துவிட்டு நிறுத்தவில்லை. ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் போனார். மரபு 16,000 பாடல் என்கிறது. கிடைத்திருப்பவை சுமார் 1,300. கோபுரத்திளையனார் சன்னதிக்கு முன்னால் நிற்கும்போது எனக்குக் குதித்த நொடியைவிட, அதற்குப் பின் வந்த அந்த நெடிய நடைதான் நினைவுக்கு வரும்.

ஹார்வர்டில் ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர் பாஸ்டன் நகர ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 1983-இல் ஒரு நூல் எழுதினார். குடியை விட்டு நிலைத்தவர்களிடம் அவர் கண்டவை: பழைய பழக்கத்தின் இடத்தை நிரப்பும் இன்னொரு பிடிப்பு, குடித்தால் உடனே தெரியும் விளைவோ கண்காணிப்போ, பழைய காயங்கள் இல்லாத ஒரு புதிய உறவு, நம்பிக்கையூட்டும் ஒரு குழு அல்லது சமய வாழ்வு. மாலை போட்டவரையும் கோபுரத்திலிருந்து விழுந்தவரையும் அந்தப் பட்டியலில் பொருத்திப் பாருங்கள்.

குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது. “அவர் வரமாட்டேங்கிறார், நான் என்ன செய்ய?” என்று கேட்கும் பெண்களிடம், “அவரைக் கூட்டிவாங்க, அப்புறம் பேசலாம்” என்று திருப்பி அனுப்பும் மையங்கள் உண்டு. இது தவறு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் மனைவி, கணவர், பெற்றோர் என 130 பேரிடம் மூன்று வழிகளைச் சோதித்தார்கள். குடும்பத்தாருக்கான அல்-அனான் வழியில் வந்தவர்களின் ஆட்களில் 13 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். சுற்றி உட்கார்ந்து நேருக்கு நேர் எடுத்துச் சொல்லும் வழியில் 30 சதவீதம். ‘கிராஃப்ட்’ என்ற மூன்றாவது பயிற்சியில் 64 சதவீதம். அல்-அனானுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: குடிப்பவரை இழுத்து வருவது அதன் வேலையே இல்லை, துணையிருப்பவரைத் தேற்றுவதுதான் வேலை. அதை அது நன்றாகச் செய்கிறது.

அந்த மூன்றாவது பயிற்சியில் சொல்லித் தருவது எளியது, செய்வது கடினம். அவர் குடிக்காமல் வந்த அன்று கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், சிரித்துப் பேசுங்கள், கோயிலுக்கோ சந்தைக்கோ சேர்ந்து போங்கள். குடித்துவிட்டு வந்தால் சண்டை இல்லை, உபசாரமும் இல்லை, விலகிப் போய்விடுங்கள். மறுநாள் வேலைக்குப் போகாததற்கு “காய்ச்சல் சார்” என்று முதலாளிக்கு நீங்கள் போன் போடாதீர்கள். கீழே கொட்டியதை நீங்கள் துடைக்காதீர்கள். அவர் தானாக வருந்தும் காலை ஒன்று வரும். அன்று மருத்துவமனையின் பெயரையும் நேரத்தையும் கையில் தயாராக வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அடிதடி நடக்கும் வீடாக இருந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

செய்யக் கூடாதவை இரண்டு. சுவர்களில் ஒட்டியிருப்பார்கள்: ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’. அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிரம் இருக்கும். அது நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிடுபவர் அறிந்து, மருத்துவர் கண்பார்வையில் சாப்பிட வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதய நோயாளியாக இருந்தால் உயிரே போகலாம். ரசத்தில் கலந்து கொடுத்தால் அது சிகிச்சையாகாது, விஷமாகலாம். இன்னொன்று, நள்ளிரவில் வேன் அனுப்பி நாலு பேர் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் இல்லங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்படிச் செய்ய இடம் தரவில்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாத இடத்தில் ஆளை விடாதீர்கள். அங்கே அடி வாங்கித் திரும்பியவர் அடுத்த பத்தாண்டுக்கு எந்த மருத்துவமனையையும் நம்பமாட்டார்.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் 1979-இல் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தார். 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுடைய பணியில் எனக்கு மிகவும் பிடித்தது 1989-இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் தொடங்கிய கிராம முகாம். நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் மருத்துவமனை கிராமத்துக்குப் போயிற்று. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள். பதினைந்து நாள் முகாம். மருந்து, குழுப் பேச்சு, குடும்பத்துக்குத் தனி அமர்வு. முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விட்டதைப் பார்த்து அடுத்த முறை வந்தவர்கள் உண்டு.

கோவாவில் சங்கத் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் 377 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைப் பேச வைத்தார்கள். அவர்கள் மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ இல்லை. அதிகபட்சம் நான்கு சந்திப்பு. மில்லரின் முறையை ஒட்டிய பேச்சு. மூன்று மாதம் கழித்து, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதத்தினரும் கிடைக்காதவர்களில் 26 சதவீதத்தினரும் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு இது. நூற்றுக்குப் பத்துதானா என்று உதடு பிதுக்க வேண்டாம். ஒரு கிராமச் செவிலியரோ ஆஷா பணியாளரோ கற்றுக்கொள்ளக்கூடிய பேச்சு அது.

மருத்துவம் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். காலையில் கை நடுங்குகிறவர், எழுந்ததும் ஒரு கட்டிங் போடாமல் இருக்க முடியாதவர், வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் உளறல், இல்லாததைக் காண்பது, உயிராபத்து எல்லாம் வரலாம். மாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், தயமின் ஊசியும் நடுக்கத்துக்கு மருந்தும் எடுத்துக்கொண்டு, பிறகு மாலை போடட்டும். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சறுக்கலைப் பற்றிக் குடும்பத்தார் கேட்பார்கள்: “மறுபடியும் குடிச்சுட்டாரே, அப்ப இவ்வளவு நாள் இருந்ததெல்லாம்?” அவ்வளவு நாளும் அவர் கணக்கில்தான் இருக்கின்றன. சறுக்கிய மறுநாள் காலையில் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஒரு நாளோடு முடியலாம், ஓராண்டு இழுக்கலாம். “தொண்ணூறு நாள் எப்படி இருந்தீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அடுத்த தொண்ணூறுக்கு வழி இருக்கும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவரும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்றும் நிற்பது இப்படிப்பட்ட பேச்சினால்தான். வெளியூர் போயிருந்த வில்சனுக்குக் குடிக்க வேண்டும் என்ற வெறி வந்தது, இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிப்பேன் என்று ஆளைத் தேடினார், ஸ்மித் கிடைத்தார். அந்தச் சந்திப்பில் யார் யாருக்கு மனஉந்துதல் கொடுத்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திருவண்ணாமலையிடம் மூன்று கோரிக்கைகள். குருசாமிகளுக்கு: மாலை கழற்றும் அன்று உங்கள் குழுவில் குடியோடு போராடுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரமும் அடுத்த மாதமும் பஜனை நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். ‘சாமி’ என்றே கூப்பிடுங்கள். குடும்பத்தாருக்கு: 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், 14416 மனநல ஆலோசனை எண், இரண்டுமே கட்டணமற்றவை, அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், சத்திரம் வைத்திருப்பவர்களுக்கு: மாலை ஆறு மணிக்கு மேல்தான் இவர்களுக்குச் சோதனை நேரம். மீண்டவர்களும் மீளப் பார்க்கிறவர்களும் உட்கார்ந்து பேச, வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஓர் அறை வேண்டும். வாடகை கேட்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள். இடம் தரக்கூடியவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து சொல்லுங்கள், இன்றைக்கே எழுதிக்கொள்கிறேன்.